சுரங்கத்துக்கு அப்பால் ஓர் அறை

விடுதிக்காரி போனில் அறையைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தபோது, ஜன்னலோரம் பச்சை நாற்காலி ஒன்று கிடப்பதாகவும் சொன்னாள். ஹோரியா அதைப் பொருட்படுத்தவில்லை. எந்த விடுதியில்தான் நாற்காலி இல்லை? மேசையில் விரித்திருந்த மலை வரைபடத்தில், மலையைக் குடைந்த சுரங்கப்பாதையைத் தாண்டிச் சாலை தெற்கே இறங்கத் தொடங்கும் இடத்தில், பென்சிலால் சின்னதாக வட்டம் போட்டான்.

"உக்கார்ற பலகையில இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இருக்கு தம்பி," என்றாள் அவள். "வந்து பாத்துட்டு மூஞ்சியச் சுளிக்காதீங்க. மத்தபடி கல்லு மாதிரி நாற்காலி. இப்பத்தான் வந்துச்சு."

பென்சில் நின்றது.

அப்படி ஒரு நாற்காலி இந்த வீட்டிலும் இருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்ட ஒரு காலையில் அவன் மனைவி இலிங்கா அதன்மேலேயே சட்டையை விரித்து இஸ்திரி போட்டாள். பால் பொங்குகிறது என்று பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். படகு வடிவில் கறுப்புத் தழும்பு. அந்த நாற்காலியை அவன் குளிர்காலம் முடிவதற்குள் தானம் கொடுத்துவிட்டிருந்தான்.

"எனக்கு ஒரு ஆளுக்குத்தான் அறை வேணும்," என்றான்.

"ஆகட்டும் தம்பி." குழந்தை சொல்லும் பொய்க்குச் சிரிப்பதுபோல மெல்லச் சிரித்துவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

சிபியு நகரத்தின் மீது மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவோர லிண்டன் மரங்கள் பூத்துவிட்டன என்று அலுவலகத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஜூன் மாதத்தில் அந்த வாசனை நகரம் முழுக்க, படிக்கட்டுகளில், துவைத்த துணிகளில், ரொட்டியில்கூட ஏறிவிடும் என்பது அவனுக்கு நினைவிருந்தது. ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்தும் அவன் மூக்குக்கு எதுவும் வரவில்லை. காப்பி வெந்நீராக இருந்தது. சூப் வெந்நீராக இருந்தது. தோள்களில் மட்டும், யாரோ ஸ்வெட்டரை உருவிக்கொண்டு போனதுபோல, எந்நேரமும் ஒரு குளிர். துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டான். அழுகை வரவில்லை.

இலிங்கா ஜனவரியில் இறந்தாள். காலணிக் கயிறு கட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள்.

திருமணமான வருடத்திலிருந்து அந்த மலைச்சாலையில் காரோட்டிப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. ஃபகராஷ் மலையைக் குறுக்கே கடக்கும் சாலை; கோடையில் சில மாதங்கள்தான் திறந்திருக்கும். ஒரு வருடம் மழை. ஒரு வருடம் அவனுடைய தேர்வு. ஒரு வருடம் அவளுக்கு விடுப்பு இல்லை. அவன் ஒவ்வொரு முறையும் வரைபடத்தை விரித்து, எந்த வளைவில் நிற்கலாம், எங்கே இரவு தங்கலாம் என்று கோடு போடுவான். "நீ திட்டம் போட்டே கிழவனாயிடுவே," என்பாள். காப்பியைக் கலக்கிய கரண்டியைக் கோப்பை விளிம்பில் தட்டுவாள். டிக், டிக், டிக். "இந்தத் தடவை ரோடு தொறந்ததும் போறோம். சத்தியம் பண்ணு." பண்ணினான்.

இப்போது மாலைகளை எதைக்கொண்டாவது நிரப்ப வேண்டியிருந்தது. அதனால் வரைபடம். அதனால் பென்சில். அந்த விடுதியின் எண்ணை அவன் கைபேசியில் போட்டு வைத்தவளும் இலிங்காதான்.

நாற்காலியைத் தானமாக வாங்கிய கீழ்வீட்டு சாண்டு ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததும் ஹோரியாவின் தோளுக்கு மேல் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகுதான் உள்ளே விட்டார்.

"நாற்காலியா? அதோ இருக்கே," என்றார்.

ரேடியோவுக்குக் கீழே இருந்தது. பச்சை. பலகையில் படகுத் தழும்பு. மேலே பழைய செய்தித்தாள்கள் குவிந்திருந்தன.

"உக்கார்றதில்லையா?"

"உக்காந்தேன். ஒரு நாள்." சாண்டு தாடையைச் சொறிந்தார். "யார் மடியிலயோ உக்காந்த மாதிரி இருந்துச்சுப்பா. என் வயசுக்கு அதெல்லாம் ஒத்துக்குமா? எம் பொண்டாட்டி வேற மேலேருந்து பாத்துக்கிட்டிருப்பா." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "நீ அன்னைக்கு அந்தப் பேரைச் சொல்லியிருக்க வேணாம், ஹோரியா."

அன்றைக்கு என்றால் நாற்பதாம் நாள். இறந்தவரின் பேரைச் சொல்லி எதைக் கொடுக்கிறோமோ, அது அவர்களுக்கு அங்கே போய்ச் சேரும். உட்கார நாற்காலி, படுக்க மெத்தை, குடிக்கக் கோப்பை. ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக் கைமாற்ற வேண்டும். ஹோரியா மரத்துப்போய் நின்றிருந்தான். மாமியார் வெதூரியா பொருளை எடுத்துக் கொடுக்க, அவன் வாங்கிப் பேரைச் சொல்லி நீட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஐந்து வருடங்களாக வாடகை ஒப்பந்தத்திலும், தபால் பெட்டியிலும், விடுதிகளின் வரவேற்பு மேசையிலும் அந்த இரண்டு பெயர்களும் சேர்ந்தே வந்து பழகிய நாக்கு.

"இது இலிங்கா, ஹோரியாவின் ஆன்மாவுக்கு."

நாற்காலியை வாங்கக் கை நீட்டிய சாண்டு வாயைப் பாதி திறந்தபடி நின்றார். ஆனால் எரியும் மெழுகுவத்தியோடு நீட்டியதை வாங்காமல் விடக் கூடாது. "ஆண்டவர் அவங்களை மன்னிக்கட்டும்," என்று முணுமுணுத்து வாங்கிக்கொண்டார். அடுத்து இரண்டு தலையணையோடு மெத்தை. நீலச் சேவல் போட்ட ஜோடிக் கோப்பைகள். மஞ்சள் மழைக்கோட்டு. அந்தக் கோட்டோடு சேர்த்து மடித்திருந்த அவனுடைய பழுப்பு ஸ்வெட்டர். மாமியார் கவனித்துக் கத்துவதற்குள் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர்களையும் சொல்லியாகிவிட்டது.

வெதூரியா இப்போது தினமும் போன் செய்தாள்.

"சனிக்கிழமை மறந்துடாதீங்க மாப்ளே."

"ம்."

"ம்முன்னு சொல்லாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க. உங்க பேரு அங்க கெடக்கு. பெந்தெகொஸ்தேக்கு முந்தின சனிக்கிழமை எறந்தவங்களுக்குக் கோப்பை குடுக்குற நாள், அன்னைக்கு விட்டா வேற நாள் கெடையாது. வாங்கினவங்களை எல்லாம் கல்லறைத் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் புதுசா ஒரு கோப்பை குடுத்து, எம் பொண்ணு பேரை மட்டும் சொல்லணும். உங்க பேரைப் பிரிச்சு எடுத்துடலாம்."

"நீங்க படிச்சவங்க, அத்தை. இதையெல்லாம் போய்..."

"படிச்சவதான். பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் குடுத்தவதான். உங்களுக்குச் சோறு ருசிக்குதா, அதச் சொல்லுங்க முதல்ல."

அவன் ஆறிப்போன சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"அதுவரைக்கும் குடுத்த பொருளு எங்க கண்ணுல பட்டாலும் தொடாதீங்க. அதுல உக்காராதீங்க. அதுல குடிக்காதீங்க. பொண்ணப் பறிகுடுத்துட்டேன் மாப்ளே. உங்களையும் குடுக்க மாட்டேன்."

வியாழக்கிழமை மாலை விடுதியிலிருந்து போன் வந்தது. அவன் தன் எண்ணைக் கொடுத்ததாக நினைவில்லை.

"எப்ப கெளம்புறீங்க தம்பி? அறையெல்லாம் தயாரா இருக்கு."

"ரோடு இன்னும் தொறக்கலையே. சாலை அலுவலகத்துல கேட்டேன். சுரங்க வாயில ரெண்டு மாடி உயரத்துக்குப் பனி கெடக்காம்."

"அது மத்தவங்களுக்கு." அவள் போனைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ எதையோ கேட்பது தெரிந்தது. பதில் கேட்கவில்லை. பிறகு, "மெத்தை நல்ல மெத்தை. ரெண்டு தலகாணி. கொக்கியில ஸ்வெட்டர் தொங்குது. மழையில வந்தீங்கன்னா மாத்திக்கலாம். கோப்பையில ஒண்ணுல மட்டும் சேவலோட வால் ஒடஞ்சிருக்கு. உங்க வீட்டம்மா அத எடுத்துக்கிட்டாங்க. நல்லது உங்களுக்காம்."

அவன் காதோடு கைபேசியை அழுத்தினான். மூச்சை அடக்கினான். அந்தப் பக்கம் ஓர் அறை இருப்பது கேட்டது. மரத்தரை. அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம். அதற்கும் பின்னால், தூரத்தில்.

டிக். டிக். டிக்.

அப்போது நாக்கில் ஊறியது. காப்பி. கசப்பும், அடியில் கொஞ்சம் சர்க்கரையும், அவள் கலக்கும் அதே அளவில். ஒரு கணம்தான். தோளிலிருந்த குளிர் ஒரு விரல் அளவு விலகியது. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது, வாய் பழையபடி வெறும் வாயாகிவிட்டது.

அவன் இருட்டும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயமாக இருந்ததா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். இருந்தது. பயமாவது இருந்ததே என்றிருந்தது.

சனிக்கிழமை காலை, பின் இருக்கையில் புதிய மண்கோப்பைகள், செர்ரிப் பழம், மெழுகுவத்திக் கட்டு எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டுதான் கிளம்பினான். மாமியாரின் கிராமம் மலையடிவாரத்தில். நேராகப் போனால் கல்லறைத் தோட்டம். வலப்புறம் திரும்பினால் மலைச்சாலை. அந்தப் பிரிவில் வண்டியை நிறுத்தினான். மூடுபனி புல்வெளியில் படுத்திருந்தது. தூரத்தில் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. நேராகப் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கைக்கும் தெரியும். போனால் என்ன ஆகும்? பேர் திரும்பி வரும். அவன் பிழைப்பான். மேசைக்கு முன்னால், வெந்நீர் போன்ற சூப்புக்கு முன்னால், எந்தக் கோட்டிலும் அவள் இல்லாத ஒரு வரைபடத்துக்கு முன்னால்.

நாக்கில் அந்தக் கசப்பு வந்து போனது.

வலப்புறம் திருப்பினான்.

சாலையை மறித்து நிற்க வேண்டிய இரும்புத் தடை மேலே தூக்கி நின்றது. ஆள் இல்லை. வளைவுகள் அவன் கோடு போட்டபடியே வந்தன, ஒவ்வொன்றும், அவள் நிற்கலாம் என்று சொன்ன இடங்களும். தேவதாரு மரங்கள் தீர்ந்து பாறைகள் வந்தன. பாறைகள் தீர்ந்து இருபுறமும் பனிச் சுவர்கள் எழுந்தன, நடுவில் கார் அகலத்துக்குச் சுத்தமாக வழி வெட்டியிருந்தது, ஆனால் ஓரத்தில் மண்வெட்டித் தடமும் இல்லை, சக்கரத் தடமும் இல்லை. சக்கரங்களின் சத்தமும் கேட்கவில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான். கைபேசி ஒலித்தது. வெதூரியா. மீண்டும் ஒலித்தது. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டது.

வெளியே வந்தபோது வீடு சாலையோரமே இருந்தது. கதவு திறந்திருந்தது.

"அம்மா?" என்று விடுதிக்காரியைக் கூப்பிட்டான்.

யாரும் இல்லை. மரத்தரை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நடையின் கடைசியில் ஓர் அறை.

மெத்தை. இரண்டு தலையணைகள். ஒன்றில் தலை அழுந்திய பள்ளம்.

கொக்கியில் பழுப்பு ஸ்வெட்டரும் மஞ்சள் மழைக்கோட்டும் அருகருகே. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மேசையில் இரண்டு நீலச் சேவல்கள். வால் உடைந்தது பாதி காலி. மற்றது நிறைய. ஆவி பறந்தது.

ஜன்னலோரம், பச்சை நாற்காலி. அவனைப் பார்த்துச் சற்றே திருப்பி வைத்திருந்தார்கள்.

முதலில் பாதங்கள் சூடேறின. பிறகு முழங்கால். பிறகு மூக்குக்கு எல்லாம் ஒன்றாக வந்தது: விறகு, ஈரக்கம்பளி, காப்பி, அவள் தலைமுடி. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். தொடாதீங்க. உக்காராதீங்க. குடிக்காதீங்க. வெதூரியாவின் குரல் தெளிவாகவே கேட்டது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

கோப்பையை எடுத்தான். குடித்தான்.

சூடு. கசப்பு. அடியில் சர்க்கரை.

கண்ணில் நீர் வந்தது. ஜனவரியிலிருந்து வராத நீர். நாற்காலியில் உட்கார்ந்தான்.

கீழே பலகை தட்டுப்படவில்லை.

யார் மடியிலோ உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அசையாமல் இருந்தான். எதிரே ஜன்னல். கண்ணாடிக்கு வெளியே சாலை இருக்க வேண்டும், அவன் கார் இருக்க வேண்டும். பனிதான் இருந்தது. கண்ணாடியோடு ஒட்டி, அடியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. பாதி ஜன்னல். முக்கால். அறை மெல்ல நீலமாகி, சாம்பலாகியது.

மேசையில், யாரும் தொடாத கோப்பையின் விளிம்பில்.

டிக். டிக். டிக்.

கண்ணை மட்டும் திருப்பிக் கொக்கியைப் பார்த்தான். ஸ்வெட்டர் தொங்கியது. மழைக்கோட்டு இல்லை.

ஈரமான இரண்டு மஞ்சள் கைகள் பின்னாலிருந்து வந்து அவன் இடுப்பைச் சுற்றின, முன்னால் கோர்த்துக்கொண்டன. கைகளின் முனையில் விரல்கள் இல்லை. உள்ளே எதுவும் இல்லை. வெறும் துணி.

இறுகியது.