காரைப்பள்ளத்தில் யாருமில்லை

கவிழ்த்து ஊற்றி, துண்டால் உட்புறம்வரை துடைத்து, துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்த சொம்பு மறுபடி நிறைந்திருந்தது.

சேனாபதி சமையலறை மேடையருகே நின்று அதைப் பார்த்தார். ஆஸ்டினை அடுத்த ரவுண்ட் ராக்கில் இருக்கும் மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் தவறாமல் கொண்டுவரும் பித்தளைச் சொம்பு அது. கழுத்தில் அவருடைய தந்தையின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் அடிக்கும் மருந்து வாசம் சொம்பிலிருந்த நீரில் இல்லை. வெகுகாலம் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்ததைப் போல, வண்டலும் அழுகிய இலையும் கலந்த குளிர்ந்த வாசம் ஒன்று, வெளியே மழை கண்டு பல வாரமாகிப் புல்லெல்லாம் கருகிக் கிடந்த அந்த ஆகஸ்ட் மாலையில், ஏசி ஓடும் அறைக்குள் மெல்லப் பரவியது.

"வெண்பா, சொம்புல தண்ணி புடிச்சு வெச்சியா கண்ணு?"

சோபாவில் ஐபேடோடு சுருண்டிருந்த பேத்தி தலையை நிமிர்த்தவில்லை. "நோ அப்புச்சி. நாட் மீ."

தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வது அவள் வழக்கம். பிறந்ததும் வளர்ந்ததும் இந்த ஊரில்தான்.

"நானும் புடிக்கலீங்கப்பா," என்றாள் ரோஷினி, அடுப்பிலிருந்து திரும்பாமலே. "நீங்களே வெச்சுட்டு மறந்திருப்பீங்க."

"எனக்கு மறதி கிடையாது அம்மிணி."

"சிங்க்ல ஊத்தாதீங்க மாமா, செடிக்கு ஊத்துங்க," என்று ஹாலிலிருந்து குரல் கொடுத்தான் மருமகன் சபரி. "ஸ்ப்ரிங்க்ளர் போட்டா ஃபைன் போடறாங்க. சொம்புக்கு இன்னும் ரூல் வரல."

சேனாபதிக்குச் சிரிப்பு வரவில்லை. சிங்க்கிலேயே ஊற்றினார். தண்ணீர் இறங்கி வெகுநேரம் கழித்தும், குழாய்க்குள் ஆழத்தில், யாரோ தாகத்தோடு உறிஞ்சுவது போல ஓர் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஓசையை அவர் அன்று மதியம் ஒருமுறை கேட்டிருந்தார்.

ஆஸ்டினில் ஒரு பழைய கிடங்கில் உக்ரைன்காரர்கள் கலை நிகழ்ச்சி நடத்தினார்கள். சபரியோடு வேலை பார்க்கும் ஹலினா என்ற பெண் குடும்பத்தோடு அழைத்திருந்தாள். ட்னிப்ரோ ஆற்றில் போரின்போது உடைந்த அணை, வற்றிப்போன நீர்த்தேக்கம், அதன் அடியிலிருந்து வெளியே வந்த பானைகள், படகுகள், எலும்புகள், மறு வருடமே அந்தச் சேற்றில் ஆளுயரம் முளைத்த வில்லோ மரங்கள். எல்லாம் படங்களாகவும் ஒலியாகவும் அந்த இருட்டில் சூழ்ந்திருந்தன. ஒரு சுவர் முழுக்கப் பழைய பேரரசின் வரைபடம் இருந்தது. ஊர்கள் இருந்த இடத்தில் 'வெற்று நிலம்' என்று எழுதியிருந்தார்கள். "நிலத்தைப் பிடுங்கும்போது ஒரு தடவை யாருமில்லை என்று எழுதினார்கள், மூழ்கடிக்கும்போது இன்னொரு தடவை," என்றாள் ஹலினா. அவள் பாட்டியின் ஊர் அந்த நீருக்கடியில் இருந்ததாம்.

நடுவில் ஒரு பெரிய தொட்டியில் சாம்பல் நிற வண்டல். வருகிறவர்கள் அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து அதில் ஊற்றி, நீரில் மூழ்கிய ஓர் இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அதுதான் கலை என்றார்கள்.

"உங்கள் நாட்டில் அப்படி உண்டா?" என்று ஹலினா கேட்டாள்.

"எங்கள் அணையே என் தகப்பனார் கொண்டுவந்தது," என்று சேனாபதி நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னார். "பாலத்துக்கு அவர் பெயர்தான். அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் இருந்ததில்லை. முள்காடு."

பிறகு, இடத்தின் பெயரைச் சொல்லத்தானே சொன்னார்கள் என்று "காரைப்பள்ளம்" என்று சொல்லி ஊற்றினார். இடக்கையால் சொம்பைச் சாய்த்து, வலது உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தண்ணீரை வழியவிட்டார். வண்டல் அதை உறிஞ்சியது. ஒரு சத்தம். ஒரு மிடறு போல.

அப்படி ஊற்றுவது செத்தவர்களுக்கு மட்டும் என்பது சிங்க்கின் முன் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது.

வருடா வருடம் ஆடி அமாவாசையில் பவானிக் கூடுதுறையில் உட்கார்ந்து, எள்ளோடு அப்படித்தான் ஊற்றுவார். பெயர் சொல்லி ஊற்றினால் வருவார்கள். தாகம் தீர்ந்ததும் ஐயர் அவர்களை அவரவர் இடத்துக்குத் திருப்பி அனுப்பிவைப்பார். அனுப்பாமல் எழுந்திருக்கவே கூடாது. இன்று அவர் கை, அறுபது வருடப் பழக்கத்தில், அழைத்துவிட்டது. அனுப்ப யாரும் இல்லை.

அவர் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தார். சுவரில் தந்தையின் படம் சந்தன மாலையோடு மாட்டியிருந்தது. அதன் கீழே நின்றால் அவருக்கு எப்போதும் முதுகு நேராகும். இப்போது படத்தின் கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் முத்துமுத்தாய்ப் பூத்திருந்தது.

கம்பளத்தில் கால் வைத்தார். ஈரம். குனிந்து தொட்டார். உலர்ந்திருந்தது. மறுபடி கால் வைத்தார். விரல்களுக்கிடையே சேறு பிதுங்கியது.

ஏசியின் காற்று வரும் கூரைத் துளையிலிருந்து ஒரு முணுமுணுப்பு இறங்கியது. ஒருவர் இருவரல்ல, ஒரு தெருவே திடுக்கிட்டுத் தூக்கம் கலைந்து எழுந்தாற்போல இருமலும், பிள்ளை அழுகையும், எங்கோ ஒரு ஆட்டின் கத்தலும். சபரி போனில் யாரோடோ கிரீன் கார்டு பற்றிப் பேசிக்கொண்டு மாடிக்குப் போனான். அவனுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

"அப்புச்சி" என்று கூப்பிடும் குரலுக்காக அவர் ஏங்கினார். வெண்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஐபேட் அணைந்திருந்தது. அவள் அந்தக் கறுத்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு பாக்கற?"

அவள் திரும்பினாள்.

"உங்க ஊட்டுக்கு வழி தெரியாம ரொம்ப அலஞ்சமுங்க எசமாங்க."

சேனாபதியின் வீட்டில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். வாசலுக்கு வெளியே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்கள் பேசிய பேச்சு அது. அவர் தந்தையிடம் பேசிய பேச்சு.

"அய்யோ, தமிழ்!" ரோஷினி கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னங்க, கீழ வாங்க, வெண்பா தமிழ் பேசறா! அப்பா, எப்படிங்கப்பா சொல்லிக் குடுத்தீங்க? எசமாங்கவாமா! இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?" சிரித்து, குழந்தையின் தலையில் முத்தமிட்டு, "என்ன இவ்வளவு ஜில்லுன்னு இருக்கா, ஏசியக் குறைக்கணும்," என்றபடியே சட்னி தாளிக்கத் திரும்பிப் போனாள்.

அவள் போனதும் வெண்பா அவர் கையைப் பிடித்தாள். ஆற்று மீன் போன்ற குளிர். உதட்டோரம் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு காய்ந்திருந்தது.

"பெருசா ஒண்ணும் கேக்கலீங்க," என்று தாழ்ந்த குரலில், பல பேர் சேர்ந்து பேசுவதுபோலச் சொன்னாள். "நாங்க இருந்தோம்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க. எல்லாரும் கேக்கறாப்ல. சொன்னாப் போயிர்றமுங்க. பாப்பாவ உட்டுட்டுப் போயிர்றமுங்க."

அணை மூடிய அந்தச் சாயங்காலம் அவருக்கு நினைவிருந்தது. எட்டு வயது. கரைமேட்டில், அய்யா என்று அவர் கூப்பிடும் தந்தையின் பக்கத்தில் நின்றிருந்தார். கீழே பள்ளத்தில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. யாரோ ஒருத்தி பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் அதிகாரி, ஷட்டரை இறக்கிப் பள்ளத்தில் தண்ணீர் தேக்கலாமா என்று காத்து நின்றார். அய்யா குனிந்து, "தம்பி, அங்க யாராச்சும் தெரியறாங்களா?" என்று கேட்டார். சின்னக் கண், நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"யாருமில்லீங்கய்யா."

அய்யா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். மதகின் இரும்பு ஷட்டர் இறங்கிய சத்தம் ஊர்வரை கேட்டது.

"சாப்பிட வாங்க எல்லாரும்," என்றாள் ரோஷினி.

மேசையில் இருந்த தோசையிலும் சட்னியிலும் ஆவி பறந்தது. தட்டுகளின் நடுவே சொம்பு இருந்தது. நிறைந்து. யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. சபரி உட்கார்ந்தான். வெண்பாவை ரோஷினி தூக்கி உட்காரவைத்தாள். குழந்தையின் கால் தொங்கிய இடத்தில் தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"எசமாங்க," என்றாள் வெண்பா, எல்லோருக்கும் கேட்கும்படி. "காரப்பள்ளத்துல நாங்க இருந்தமுங்களா, இல்லீங்களா?"

சபரி சிரித்தான். "செம ஃப்ளோல போகுது. டிராமா போடச் சொல்லிரலாம்."

ரோஷினி சிரிக்கவில்லை. "காரைப்பள்ளமா? தாத்தாவோட டேம் இருக்கே, அதாங்கப்பா? மத்தியானம் நீங்க சொன்னது. அங்க ஆளுங்க இருந்தாங்களா என்ன?"

மூன்று முகங்கள் அவரைப் பார்த்தன. சுவரில் நான்காவது.

ஒரு வார்த்தை. குழந்தையின் உதட்டில் அந்தக் கோடு கறுத்துக்கொண்டே வந்தது. நகங்கள் நீலம். சொல்லிவிடலாம். சொன்னால் பாலத்தின் பெயர்? மண்டபத்தின் பெயர்? 'எங்க தாத்தா' என்று ரோஷினி ஊரெல்லாம் சொல்லும் அந்தப் பெயர்? நாக்கு அசைந்தது. அவர் கண் சுவருக்குப் போனது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"யாருமில்ல," என்றார் சேனாபதி.

வெண்பா கண்ணை மூடித் திறந்தாள்.

"அப்புச்சி, கேன் ஐ ஹேவ் மோர் சட்னி?"

அவர் தொட்ட குழந்தையின் கை வெதுவெதுப்பாக இருந்தது. உதடு சிவந்திருந்தது. கூரையில் முணுமுணுப்பு இல்லை. சொம்பு காலியாகப் பளபளத்தது. போய்விட்டார்கள். அவர் மூச்சை வெளியே விட்டார். கண்ணில் நீர் வந்தது. தோசையைப் பிட்டார்.

அப்போது ஆட்கள் நடமாட்டம் போல வெளியே ஏதோ தெரிய, கொல்லைப்புறக் கண்ணாடிக் கதவைப் பார்த்தார்.

இன்னும் முழுதாய் இருட்டவில்லை. வேலிக்குப் பின்னால் நிலம் தட்டையாகத்தான் இருக்கும். இப்போது அங்கே ஒரு மேடு. நீளமான மண்மேடு. வானத்தை மறைத்துக்கொண்டு.

மேட்டின்மேல் வெள்ளை வேட்டியில் ஓர் ஆள். நேரான முதுகு. பக்கத்தில் ஒரு சிறுவன்.

"ரோஷினி," என்றார். அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

ரோஷினி சபரியின் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெண்பா ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

சேனாபதி எழுந்தார். நாற்காலி விழுந்தது. கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தார். இருக்கோம். இங்க இருக்கோம். குழந்தை இருக்கு.

மேட்டில் அந்த ஆள் குனிந்து சிறுவனிடம் ஏதோ கேட்டார்.

சிறுவன் பார்த்தான். எரியும் விளக்கை. சாப்பாட்டு மேசையை. கண்ணாடியை அறையும் கிழவரை, நேருக்கு நேராக.

பிறகு, மெதுவாக, தலையை ஆட்டினான். இல்லை.

மேட்டுக்கு அப்பால் இரும்பு இறங்கத் தொடங்கியது.