கங்கையில விட்டது

ருக்மணி, தூங்கிட்டியா? வெளக்க அணைக்காத. திரிய மட்டும் கொஞ்சம் எறக்கு. ராஜாராம் நடுவுல படுத்திருக்கான், முழிச்சுக்கப் போறான்.

பரீட்சைக்குப் படிக்கணும்னு சொல்லிட்டு வந்தேன் இல்ல, அது பொய். பள்ளிக்கூடம் தொறந்து பத்து நாள்ல இன்னா பரீட்சை? அஞ்சு வயசுத் தம்பிய இடுப்புல தூக்கிக்கிட்டு செஞ்சியிலேருந்து சிங்கவரத்துக்கு வேகாத வெயில்ல நடந்து வந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது? உங்கம்மா நல்ல மாதிரி. ஒண்ணும் கேக்கல. நீங்க ஜைனருங்க, பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் சாப்ட்டுடுவீங்கன்னு எங்களுக்கும் அவசர அவசரமா சோத்தப் போட்டாங்க. நீ வேற மாங்காய நறுக்கி உப்பு மொளகாத்தூள் போட்டுக் குடுத்த. எத்தினி துண்டு தின்னேன்னே தெரியல.

இப்ப சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாத.

அம்மா செத்ததுலேருந்து ரத்தினம்மாள் அத்தைதான் எங்கள வளக்குதுன்னு உனக்குத் தெரியும். போன வருசம் ராஜாராமுக்கு ஜன்னி கண்டு இழுத்துக்கிட்டுக் கெடந்தான் இல்ல? அப்ப அத்தை வேண்டிக்கிச்சு. கங்கை பொறக்கிற எடத்துக்கே போயி முழுகி, அந்தத் தண்ணிய சொம்புல கொண்டாந்து புள்ளைக்கு மொத வாய் குடுக்கறேன்னு. அதுக்குத்தான் லீவுல நைனா எங்கள கங்கோத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ராஜாராம மட்டும் பக்கத்து வீட்ல வுட்டுட்டுப் போனோம்.

ரயிலு, அப்புறம் பஸ்ஸு, அப்புறம் நாலு நாள் நடை. வழியில நைனாவுக்கு ஒரே கிண்டல். "தை மாசம் ஊரே இந்தி ஒழிகன்னு கத்திச்சு. இப்ப பாரு, ஒரு சொம்பு தண்ணிக்கு இந்திக்காரன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஊமை மாதிரி நிக்கிறேன்"னு.

போய்ச் சேந்தப்ப பொழுது சாஞ்சிடுச்சு. மரப்பலகைச் சத்திரம். ஈர விறகு எரியற வாசனை. சன்னலத் தொறந்தா கீழ ஆறு. நம்ம ஊரு ஆறு மாதிரி இல்ல ருக்மணி. வெள்ளம் வந்தாக்கூட சங்கராபரணி ஒரு நாள் கத்தும், ரெண்டு நாள் கத்தும், அடங்கிடும். இது ராத்திரி பகல் நிக்காம பல்லக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். படுத்தா பலகை அதிருது. நெஞ்சு வரைக்கும் வருது.

மறுநாள் காலையில படித்துறைக்குப் போனோம். அங்க ஒரு பழக்கம். முழுகறதுக்கு முன்னாடி, தின்ற சாமான்ல ஒண்ண கங்கைக்கு விட்டுடறேன்னு வாயால சொல்லணும். சொல்லிட்டா சாவற வரைக்கும் அதத் தொடக் கூடாது. அங்க இருந்த பண்டாவுக்கு, அதான் அந்த ஊரு பூசாரிக்கு, அரைகொறையா தமிழ் வந்துச்சு. அவருதான் கேட்டாரு.

நைனா, "முட்டைக்கோசு"ன்னாரு.

அத்தை சிரிச்சிது. "டேய் ஜெயராமா, கங்கையவே ஏமாத்தறியா? அத நீ எப்படா தொட்ட?"

"நீதான் சொல்லேன்க்கா, பாக்கலாம்."

அத்தை தண்ணியப் பாத்தே சொல்லிச்சு. "பலாப்பழம்."

"அக்கா, நல்லா யோசிச்சு சொல்லு. பண்ருட்டிக்காரன் கடைய மூடிட்டுப் போயிடுவான்."

"புள்ளைக்காக வந்திருக்கேன். புடிக்காதத குடுத்தா அது குடுத்ததாடா?"

அப்புறம் நானும் ஒண்ணு சொன்னேன். நைனா சொம்புல தண்ணி மொண்டு எடுத்துக்கிட்டு, மூடிய ஈயம் வெச்சு அடைக்கிற ஆளப் பாக்க மேல போனாரு.

மொதல்ல நான் எறங்கினேன். இரும்புச் சங்கிலி கட்டியிருக்காங்க, அதப் புடிச்சிக்கிட்டுத்தான் முழுகணும். தண்ணியில கால வெச்சதும் எலும்புல ஆணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. கல்லு வழுக்கிச்சு. தலைக்கு மேல தண்ணி. அப்புறம் பாத்தா படியில உக்காந்து தலைய துவட்டிக்கிட்டிருக்கேன்.

அடுத்தது அத்தை.

ரெண்டு முழுக்கு போட்டுச்சு. மூணாவது முழுக்குல சங்கிலியில கை இல்ல.

பொடவ முந்தானை கீழ் பக்கமா போனத என் கண்ணால பாத்தேன். பெரிய பாறை ஒண்ண சுத்திக்கிட்டுப் போச்சு. கத்தலாம்னா வாய் தொறக்கல. எவ்வளவு நேரம்னு தெரியல.

முதுகுக்குப் பின்னாடி கொரல் கேட்டுச்சு. "ஈஸ்வரி, துண்டு குடு."

அத்தை நிக்குது. மேல் பக்கத்துல.

ஆறு இழுத்துக்கிட்டுப் போனது கீழ. அது வந்தது மேலேருந்து. பொடவையெல்லாம் சொட்டுது. தலைமுடி மட்டும் காஞ்சிருக்குது.

"இன்னாடி பேய் மாதிரி முழிக்கிற? குடு துண்ட"ன்னு சிரிச்சிது.

நைனாகிட்ட சொன்னேன். "குளுருல உனக்கு மூளை மரத்துப் போச்சு, சுக்குத் தண்ணி குடி"ன்னாரு. எனக்கும் அப்படித்தான் இருக்கும்னு தோணிச்சு. நெசமா.

ஆனா டெல்லியில இறங்கினப்ப ஊரே வேர்வையில ஊறிக் கெடந்துச்சு. அத்தைக்கு ஒரு பொட்டு வேர்க்கல. சொம்ப மடியிலேருந்து எறக்கவே இல்ல. என் கையப் புடிச்சுக்கும். ஐஸுக்கட்டி மாதிரி இருக்கும் அந்தக் கை. திண்டிவனத்துல பஸ் ஏறி ஊருக்கு வந்ததும், நாப்பது வருசமா இங்கியே பொறந்து வளந்த பொம்பள என்னக் கேக்குது:

"இங்க ஆறு எந்தப் பக்கம்?"

தெனம் விடியக்காலையிலயும் மத்தியானத்துலயும் சங்கராபரணிக்குப் போகுது. ஆனி மாசத்துல அங்க மணல் தவிர இன்னா இருக்குது? ஒரு நாள் பின்னாடியே போயிப் பாத்தேன். மணல்ல குப்புறப் படுத்து காத வெச்சிக்கிட்டிருந்துச்சு. அடியில யாரோ பேசற மாதிரி தலைய ஆட்டிச்சு.

அப்பதான் அந்தப் படித்துறைப் பழக்கம் ஞாபகம் வந்துச்சு. அத்தை இன்னா விட்டுச்சுன்னு அங்க நின்னவங்களுக்குத்தானே தெரியும்? திரும்பி வந்தது அத்தைதான்னா அதுக்கும் தெரிஞ்சிருக்கணும் இல்ல?

சந்தையில ஒரு பலாப்பழம் வாங்கி, சொளையா எடுத்து தட்டுல வெச்சேன். அத்தையே, வேணாம்னு தள்ளிடு. என்ன ரெண்டு அறை விடு. "கங்கையில விட்டத எங்கிட்டியே நீட்டறியா"ன்னு திட்டு. மனசுக்குள்ள கும்புட்டேன்.

ஒண்ணு எடுத்துச்சு.

இன்னொண்ணு.

கொட்டையக்கூட துப்பல ருக்மணி. மென்னு முழுங்கிச்சு.

தலையத் தூக்காமயே, "ஏண்டி எண்ணிக்கிட்டு நிக்கிற?"ன்னு கேட்டுச்சு.

நைனாகிட்ட சொன்னா, "வயசாவுது, மறந்திருப்பா. இதுக்கெல்லாமா புள்ள அழுவும்?"னு மல்லாட்டக் கடலை மூட்டைய தைக்கப் போயிட்டாரு.

முந்தாநேத்து சாயங்காலம். சாமி ரூம்ல முணுமுணுப்பு. கதவிடுக்குல பாத்தேன். அத்தை சொம்பத் தோள்ல சாச்சு, கொழந்தையத் தட்டற மாதிரி தட்டிக்கிட்டே சொல்லுது.

"ரெண்டு பேரு வந்து சேந்துட்டோம். இன்னும் ஒருத்தன்தான். பூசை அன்னிக்குக் குடிச்சிடுவான்."

ரெண்டு பேரா?

நைனாவும் முழுகினாரு இல்ல? அத்தைக்கு அப்புறம் அவருதான் எறங்கினாரு. நேத்து முட்டைக்கோசப் பொரிச்சு வெச்சேன். தட்டப் பாத்ததும் தள்ளிட்டாரு. "கங்கையில விட்டாச்சேம்மா. நீயும் அங்கதானே நின்ன?"ன்னாரு. அவரு கையத் தொட்டுப் பாத்தேன். சூடா இருந்துச்சு. எங்க நைனாதான். சந்தேகமே இல்ல.

அப்ப ரெண்டாவது ஆளு யாரு? யோசிச்சு யோசிச்சு தலையே வலிக்குது.

நாளைக்குத்தான் கங்கை பூசை. மூடிய ஒடச்சு மொத வாய் ராஜாராமுக்கு. அதனாலதான், அத்தை ஆத்துக்குப் போன நேரம் பாத்து, சொம்ப எடுத்துப் புஸ்தகப் பையில போட்டேன். இவனத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தேன். ஆமாம், இங்கதான் இருக்குது, அந்தப் பையில. சொம்பு அதுகிட்ட இருக்கக் கூடாது, இவனும் இருக்கக் கூடாது. வேற இன்னா செய்யறது?

ஒண்ணுதான் புரியல. வர வழியில அத்தை எதிர்ல வந்துச்சு. பையில சொம்பு முட்டிக்கிட்டிருந்தத பாத்துச்சு. புடுங்கும்னு நெனச்சேன். ராஜாராம் கன்னத்தத் தடவிட்டு, "ரெண்டையும் பத்திரமா தூக்கிக்கிட்டுப் போடி"ன்னு வழி விட்டுச்சு. ஏன் தடுக்கல?

இன்னா கேட்ட?

நானா? நான் இன்னா விட்டேன்னா?

நான்... இரு, சொல்றேன். நைனா முட்டைக்கோசு. அத்தை பலாப்பழம். அப்புறம் பண்டா என்னப் பாத்தாரு. நான் வாயத் தொறந்தேன். சொன்னேன். சொன்னது நல்லா ஞாபகம் இருக்குது.

இன்னா சொன்னேன்னு வரல.

"மாங்கா."

ராஜாராம்? தூங்கலியாடா நீ?

"நைனா சொன்னாரு. அக்கா கங்கையில மாங்காய விட்டுட்டு வந்துச்சாம். இனிமே அக்கா பங்கும் எனக்குத்தானாம். இன்னிக்கு ஏன்க்கா நீயே எல்லாத்தையும் தின்ன?"

இல்லடா. அது...

"கைய எடு அக்கா. குளுருது."

ருக்மணி, அவன் ஏன் உன் பக்கமா நவுந்து போறான்? என் கையத் தொட்டுப் பாரு. சும்மா தொடு. ஏன் இழுத்துக்கிட்ட?

தண்ணி தலைக்கு மேல போச்சு. அப்புறம் படியில உக்காந்திருந்தேன். நடுவுல இன்னா நடந்துச்சு? எப்படி ஏறி வந்தேன்? சங்கிலி ஒரு பக்கம் இருந்துச்சு. நான் ஏறினது எந்தப் பக்கம்?

"அக்கா, தண்ணி வேணும்."

ருக்மணி, எழுந்திரு. அவனத் தூக்கு. அம்மாகிட்ட கொண்டு போய் படுக்க வெச்சு கதவ சாத்திக்கோ. சீக்கிரம். எனக்கு இப்ப பை மேல கை போவுது, நான் எடுக்கல, அதுவா போவுது. வெளியிலேருந்து நான் அழுது கூப்ட்டாலும் தொறக்காத. விடியட்டும். வெயில் வந்தப்புறம் நைனாவ வரச் சொல்லு.

போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அந்த ஆத்துச் சத்தம் ஊருக்கு வந்ததுலேருந்து எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்குது. சொம்புக்குள்ளேருந்து வருதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். இப்ப சொம்பக் காதுல வெச்சுப் பாத்தேன். அதுல ஒண்ணுமே கேக்கல.

என் நெஞ்சு மேல காத வெச்சுப் பாரு.

வேணாம். வெக்காத.