எட்டாம் எண் பொட்டலம்

காலை 9.10. மீன் ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானியம்மா அழுத்தக் கணக்கை மறுபடி புரட்டினார். மீன் புரதத்தைச் சிறு துணுக்குகளாக உடைத்து அவர் செய்த பொடி இரத்த அழுத்தத்தைக் குறைக்குமா என்று நாற்பது பேரிடம் சோதனை நடந்தது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாவு என்பது சீல் வைத்த உறைக்குள் இருந்தது. ஏழாம் எண் ஒரு தையல்காரர். எட்டு, அவர் மனைவி. இரண்டு வாரம் இறங்கி வந்த மனைவியின் அழுத்தம் இந்த வாரம் ஏறிவிட்டது. அதுவரை அசையாதிருந்த கணவருடையது இறங்கியிருந்தது.

"பொட்டலம் கட்டறவர்தான் மாத்திப் போட்டிருக்கார். மதியத்தோட அவரை நிறுத்திடறேன்," என்றார் விஞ்ஞானியம்மா.

வாசல் காவலுக்கு இருந்த ஏட்டம்மா போலீஸில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். பொட்டலம் கட்டுகிறவரோ எதையும் மூன்று முறை எண்ணுகிற அப்பாவி. "பன்னெண்டு மணி வரைக்கும் டைம் கொடுங்கம்மா," என்றார் ஏட்டம்மா.

9.40. திரும்பி வந்த காலிப் பொட்டலங்களை மேஜையில் கொட்டினார். எட்டாம் எண்ணில் முதல் இரண்டு வாரத்தவை பல்லால் கடித்துக் கிழித்தவை. இந்த வாரத்துப் பொட்டலங்கள் ஏழின் ஓரம் மட்டும் நெளிநெளியாக, ஒரே சீராக வெட்டியிருந்தது. ஏழாம் எண்ணில் எல்லாமே அப்படித்தான்.

11.15. தம்பதி வந்தார்கள்.

"பொடியை யாரும்மா கலக்கறது?"

"என்னோடதை நான், அவரோடதை அவர்," என்றார் மனைவி. "இந்த வாரம் என்னோடதையும் இவரே கலக்கிக் கையில கொண்டாந்து கொடுத்தார். மழைதான் கொட்டப் போகுதுன்னு நெனைச்சேன்."

"ருசி?"

"ஒரே கசப்பு. நான் மூஞ்சியைச் சுளிச்சா இவருக்கு அவ்வளவு சந்தோஷம்!"

ஏட்டம்மா கணவர் பக்கம் திரும்பினார். "துணி ஓரம் பிரியாம வெட்டுவீங்களே, அந்த நெளி கத்திரி எங்கே?"

தையல்காரரின் கை தானாகப் பைக்குள் போயிற்று.

"உங்க வீட்டம்மா பல்லால கிழிக்கிறவங்க. இந்த வாரம் ரெண்டு பேர் பொட்டலத்தையும் வெட்டினது இந்தக் கத்திரி. டம்ளரை மாத்தினது நீங்க."

"அவளுக்குத்தாங்க பிரஷர் ஜாஸ்தி," என்றார் தையல்காரர். "அவளோடதை நாக்குல வச்சுப் பார்த்தேன், கசக்கவே இல்லை. என்னோடது வேப்பங்காய். மருந்து என் பக்கம் வந்துடுச்சேன்னு மனசு கேக்கலை."

விஞ்ஞானியம்மா உறையைப் பிரித்தார். "உங்களோடதுதான் வெறும் மாவு. மீன் பொடியில கசப்பைக் குறைச்சோம். மிச்சக் கசப்புக்கு ஈடா மாவுலயும் கொஞ்சம் கசப்பு சேர்த்தோம். அது தூக்கலாயிடுச்சு. தப்பு என்னோடது."

பொட்டலம் கட்டுகிறவரிடம் மன்னிப்புக் கேட்க அவர் எழுந்து போனார். மணி 11.50.

தையல்காரர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். "ஒரு வாரமா உனக்கு மாவையா கொடுத்தேன்?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்திரியை வாங்கித் தன் பைக்குள் போட்டார்.

"இது என்கிட்ட இருக்கட்டும். காலையில கையில கொண்டாந்து கொடுக்கறதை மட்டும் நிறுத்திடாதீங்க."