பதின்மூன்றாவது துளை

அலுவலகத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். அவற்றை இணைக்கும் சுவரோரப் பெட்டியில் பன்னிரண்டு கேபிள்கள். பன்னிரண்டையும் அவள் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டாள். ஆனாலும் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. பதின்மூன்றாவது துளை. அதில் இதுவரை யாரும் எதையும் செருகியது கிடையாது.

பழைய பெட்டி, அப்படித்தான் இருக்கும் என்று திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. மழை கட்டி நின்றதில் ஜன்னல்கள் சாம்பல் பூத்திருந்தன. கட்டட வரைபடம் போடும் அந்த நீள அறையில் ஏசி ஓடாததால் காகிதத் தூசியும் மையும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாடை தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. கேபிள் இழந்த மெஷின்கள் ஒவ்வொன்றும் தன் விசிறியைச் சுற்றிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு புலம்புகிறவர்கள் போல ஒரே சுருதியில் இரைந்தன. உள்ளே நுழைந்திருந்தது ஒரு வார்ம். வைரஸ் என்றாலாவது யாராவது ஒரு கோப்பைத் திறந்து வைக்க வேண்டும். வார்முக்கு அழைப்பே வேண்டாம். ஒரு மெஷினில் கால் வைத்தால் போதும், கேபிள் வழியே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும், பாஸ்வேர்டு சரியாக இருந்தால் உள்ளே போகும், தன்னைப் போலவே இன்னொன்றைப் பெற்றுப்போட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போகும். இங்கே அதற்குப் பாஸ்வேர்டு தேடும் வேலையே இல்லை. லீவு போட்டவரின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திறக்க வேண்டும் என்று பன்னிரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தார் மேலாளர். அவர் வீட்டு நாயின் பெயர்.

உள்ளே விட்டது அவள்தான்.

வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்த பென் டிரைவ். கெட்டது என்று தெரிந்து சிவப்பு டேப் ஒட்டி மேஜை இழுப்பறைக்குள் போட்டு வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை எல்லாரும் சாப்பிடப் போன நேரம் டேப்பைப் பிய்த்து, சின்ன மேடத்தின் மெஷினில் செருகிவிட்டு அப்படியே விட்டுவிட்டாள். பழி சின்ன மேடத்தின் மேல் விழட்டும். ஞாயிறன்று தான் வந்து எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டுத் திங்களன்று மேலாளர் முன்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

சின்ன மேடம்! இவளைவிட மூன்று வயது இளையவள். அப்பா இன்ஜினியர், தாத்தா இன்ஜினியர். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தபோது ஒரு கோடு போடத் தெரியாது. பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது இவள். போன மாதம் பிரிவுத் தலைமை அவளுக்குப் போனது. கண்ணாடித் தடுப்பு போட்ட அறையும் சுழல் நாற்காலியும் போயின. வாட்ச்மேன் முதல் எல்லாரும் அவளை மேடம் என்றார்கள். இவள் ஆறு வருடமாக ‘கம்ப்யூட்டர் அக்கா’.

பச்சை விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மழையை நினைத்தாள். விளக்கு அடங்கியது. சுழல் நாற்காலியை நினைத்தாள்.

படபடவென்று.

வேலையைப் பார் என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். முதலில் துண்டி. பிறகு ஒவ்வொரு மெஷினையும், அத்தியாவசியமானது மட்டும் ஓடும் சேஃப் மோடில் எழுப்பு. வார்ம் சிஸ்டம் கோப்பின் பெயரைப் போட்டுக்கொண்டு ஒளிந்திருக்கும், தேடிப்பிடித்து அழி. மெஷின் விழிக்கும்போதெல்லாம் தானும் விழிக்க அது எழுதி வைத்திருக்கும் வரியையும் அழி. ஓட்டையை அடை, பாஸ்வேர்டை மாற்று. கடைசி மெஷின் முடியும்வரை எதையும் எதோடும் சேர்க்காதே. ஒன்று மிச்சமிருந்தாலும் எல்லாம் வீண்.

நான்காவது மெஷினில்தான் அந்தச் சின்னக் கோப்பைக் கவனித்தாள். வார்முக்குப் பக்கத்தில், குட்டி போட்டது போல. திறந்தாள். ஒரே வரி.

இது எனக்கு வரவேண்டியது.

அவள் யாரிடமும் சொன்னதில்லை. தலையணையிடம்கூட. கோப்பின் தேதி வெள்ளிக்கிழமை இல்லை. எட்டு மாதத்துக்கு முந்தையது. சின்ன மேடம் வேலைக்குச் சேர்ந்த நாள்.

"என்ன கம்ப்யூட்டர் அக்கா, லீவு நாள்லயும் மெஷினோட குடித்தனமா?"

துள்ளிவிட்டாள். வாட்ச்மேன். டீயை வைத்துவிட்டுத் திரையை நோக்கிக் குனிந்தார்.

"பாக்காதீங்கண்ணே, அது ஒண்ணுமில்ல..."

"அட, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் எனக்கும்." விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "இது... எனக்கு... வர... வேண்டியது." சிரிப்பு நின்றது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். அவள் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். திரும்பாமலேயே, பின்னுக்கு நடந்து வெளியே போனார்.

போன் அடித்தது. சின்ன மேடம்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன், கோவிச்சுக்காதீங்க. வெள்ளிக்கிழமை என் மெஷின்ல யாரோ பென் டிரைவ விட்டுட்டுப் போயிட்டாங்க. யாரோடதுன்னு பாக்கலாம்னு வீட்டு லேப்டாப்ல போட்டேன். ஒரே ஒரு வரிதான் இருக்கு."

"படிக்காத!"

"படிச்சிட்டேனே. அக்கா... உங்களுக்கு எல்லாமே கைல வந்துடுதில்ல? எனக்கு ஒரு கோடு போடக்கூட எங்கப்பா பேரு வேண்டியிருக்கு. நீங்க யாரு பேரும் இல்லாம வந்தீங்க." குரல் தாழ்ந்துகொண்டே போனது. "அது எனக்கு வரவேண்டியது அக்கா."

சின்ன மேடம் போனை வைத்துவிட்டாள்.

தன்னிடம் எதைக் கண்டு பொறாமை? அவள் போனைக் கீழே வைக்கப்போனாள். அது நகரவில்லை. ஒயர்.

நான்காவது மெஷினில் சார்ஜுக்குச் செருகியிருந்தாள். எந்த மெஷினைப் பார்த்தாலும் செய்கிற பழக்கம். கேபிளெல்லாம் பிடுங்கியவள், இதைச் செருகியிருந்தாள். போன் திரையில் செய்திகள் தானாகவே போய்க்கொண்டிருந்தன. போனில் இருந்த ஒவ்வொரு பேருக்கும் அதே வரி. முதல் பேர், தங்கச்சி. இரண்டு நீல டிக். படித்துவிட்டாள்.

தங்கச்சி.

வீட்டில் ஒருத்திதான் படிக்க முடியும் என்று வந்தபோது, பதினாறு வயதில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அக்காவைவிட மார்க் கூட வாங்கியவள். அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் ஒரு நாள், ஒரு வார்த்தை, முகம் சுளித்துக்கூடக் காட்டியதில்லை.

கூப்பிட்டாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைப் பூட்டினாள். வெளியே வாட்ச்மேன் போகவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவருக்குப் பின்னால் மாடிப்படியில் ஆட்கள், எல்லாம் அவள் போனில் இருந்த பேர்கள். மூன்றாவது மேஜைக்காரர். மேலாளர். எல்லா உதட்டிலும் அதே வரி.

மெயின் சுவிட்சை இழுத்தாள்.

விசிறிகள் நின்றன. திரைகள் கறுத்தன. மழை விழத் தொடங்கியது.

பச்சை விளக்கு மட்டும். இப்போது மினுங்கவில்லை. நிலையாக.

படியில் செருப்புச் சத்தம். தெரிந்த சத்தம். ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தங்கச்சி. நனைந்திருந்தாள். கையில் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அக்காவின் பட்டமளிப்புப் படம். சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றியிருந்தாள்.

"கதவத் திறக்கா. ஒண்ணும் பண்ண மாட்டேன். உன்ன எனக்குத் தெரியாதா?"

அவள் நாற்காலியில் சரிந்தாள். திறக்கவில்லை.

தங்கச்சி படியிலேயே உட்கார்ந்தாள். படத்தை மடியில் வைத்தாள். ஈரச் சட்டைக் கையால் அதைத் துடைக்க ஆரம்பித்தாள். கறுப்பு அங்கியைத் தொடவில்லை. கையில் இருந்த பட்டத்தைத் தொடவில்லை. முகத்தை மட்டும். மெதுவாக. ஒரு தையல் பிசகாதவளின் பொறுமையோடு.

உள்ளே அவளுக்குக் கன்னம் எரிந்தது.

கறுத்துப்போன பன்னிரண்டு திரைகளிலும் அவள் உட்கார்ந்திருந்தாள். தோள் தெரிந்தது. கழுத்து தெரிந்தது. அதற்கு மேலே எதுவும் இல்லை. வெளியே தங்கச்சி இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.