லோவர் பிரிக்ஃபீல்டில் ஒரு பூச்சியம்

புதன்கிழமை மாலைகளில் நான் யாருடைய அழைப்பையும் எடுப்பதில்லை. மறுநாள் இங்கிலாந்தின் எந்த மூலையில் நகரசபை இடைத்தேர்தல் நடக்கிறதோ, அந்த வட்டாரத்தின் பிரதிக் கணக்கு அப்போதுதான் என் திரைக்கு வரும். அதை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைப் பகுப்பாய்வின் முதல் பாதியை எழுதிவிடுவேன். மீதிப் பாதி மனிதர்களின் கையில் இருக்கிறது. சிலர் பறவை பார்க்கப் போகிறார்கள், சிலர் பழைய ரயில்களுக்குப் பின்னால் அலைகிறார்கள். எனக்கு இடைத்தேர்தல். நல்ல காலம், இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மச்சாள் சுபத்திராவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. "உங்கட நாட்டில சனம் வாக்குப் போடப் போறதே இல்லையாமே?" என்று போன கிழமையும் கேட்டாள்.

"போறதில்லை. எங்கட பிரதி போடும்."

"அதென்ன பிரதி?"

அவளுக்கு மறுபடியும் விளக்கினேன். இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி உண்டு. வெள்ளைக்காரர் ட்வின் என்பார்கள். நாம் பேசுவது, எழுதுவது, வாங்குவது, வீட்டுக்குள் முணுமுணுப்பது எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு நம்மைப் போலவே யோசிக்கப் பழகிய ஒரு நிரல். பாராளுமன்றத் தேர்தல் வந்தால் நாம் வீட்டில் இருக்க, அது நமக்காக வாக்களித்துவிடும். ஒரு நொடியில் முடிவு வந்துவிடும். வரிசையும் இல்லை, சண்டையும் இல்லை.

ஆனால் பிரதி நம்மைச் சரியாகத்தான் புரிந்திருக்கிறதா என்று யார் பார்ப்பது? அதற்காகத்தான் உரைகல் சட்டம் வந்தது. ஒரு கவுன்சிலர் இறந்தாலோ விலகினாலோ, அந்த ஒரு வட்டாரத்தில் மட்டும் மனிதர்களே நேரில் வந்து, காகிதத்தில், பென்சிலால் வாக்களிக்க வேண்டும். பிறகு பிரதிகளின் முடிவையும் மனிதர்களின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரசிப் பார்ப்பார்கள். நாடு முழுவதிலும் மனிதர் நடந்து போய் வாக்களிப்பது இந்த வியாழக்கிழமைகளில் மட்டும்தான். அதனால் இடைத்தேர்தல் வந்த ஊர் திருவிழா மாதிரி இருக்கும். நல்ல உடுப்புப் போட்டு, நாயையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

வேறுபாடு எப்போதும் சொற்பமாகத்தான் இருக்கும். பிரதி பிழை விடாது என்று நான் எழுதி எழுதியே பெயர் வாங்கியவள்.

இந்தப் புதன்கிழமை திரைக்கு வந்தது எங்கள் சொந்த வட்டாரம். ஹேசல்மார்ஷ் நகரசபை, லோவர் பிரிக்ஃபீல்ட். வேட்பாளர் மூவர். மூன்றாமவர் சுயேச்சை, பெயர் குகனேசன். என் கணவர்.

அவர் பொய்ப்பல் செய்கிறவர். சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறை. "இந்த வட்டாரத்தில அரைவாசிச் சனம் நான் செய்த பல்லாலதான் சிரிக்குது. எனக்குப் போடமாட்டினமோ?" என்று சொல்லிக்கொண்டுதான் வேட்புமனுவில் கையெழுத்து வைத்தார். கோரிக்கை ஒன்றே ஒன்று. சந்தையடியில் இருந்த பொதுக் கழிப்பறையை நகரசபை பூட்டிவிட்டது. அதைத் திறக்க வேண்டும். பட்டறைக்கு வரும் வயதானவர்கள் பல்லை மறந்து முதலில் கழிப்பறையைத்தான் கேட்கிறார்கள் என்பது அவருடைய ஒரே அரசியல் அனுபவம்.

கணக்கைத் திறந்தேன். நடுவழிக் கட்சியின் பெத்தனி கிரெய்ல் முதலிடம், பெரிய வித்தியாசத்தில். விவசாயிகள் அணியின் ஓக்டன் இரண்டாமிடம். குகனேசன்: பூச்சியம்.

மறுபடி பார்த்தேன். பூச்சியம்தான். பூச்சியம் என்றால் அவருடைய பிரதிகூட அவருக்குப் போடவில்லை. என்னுடையதும் போடவில்லை.

பிரதிக் கணக்கு இரகசியம். எண்ணும் மண்டபத்தில் வாசிக்கும்வரை ஆய்வாளர் வாய் திறக்கக்கூடாது. ஆனால் ஆய்வாளருக்கு ஒரு சலுகை உண்டு, தன் பிரதியிடம் காரணம் கேட்கலாம். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏன் குகனேசனுக்கு வாக்களிக்கவில்லை?"

என் குரலிலேயே பதில் வந்தது, ஆனால் என்னைவிட மரியாதையாக. "'இந்த மனுஷனுக்கு ஒரு பல்ப் மாத்தத் தெரியாது' என்று நீங்கள் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். 'இவரை நம்பி ஒரு மீன் வாங்க விடேலாது' என்றும். சென்ற வாரம் உங்கள் தங்கையிடம், 'தேர்தலும் மண்ணாங்கட்டியும், பேசாமல் வீட்டில கிடக்கலாம்' என்றீர்கள்."

"அது பகிடி, சும்மா சிரிக்கச் சொன்னது."

"நீங்கள் இங்கிலாந்துக் கவுன்சிலர்கள் பற்றியும் அதே குரலில்தான் பேசுகிறீர்கள். அது பகிடி இல்லை."

"அப்ப நான் அவரை நல்லதாச் சொன்னதே இல்லையோ?"

"தேடினேன். அவர் அருகில் இல்லாதபோது நீங்கள் பேசியதிலும் தேடினேன். கிடைக்கவில்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் ஒரே கோப்பையில் தேநீர் மாற்றிக் குடித்திருக்கிறோம். அவருக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நான் நின்ற நிலையை அந்த ஆஸ்பத்திரியே பார்த்தது. ஆனால் வாய் திறந்து? எங்கள் வீட்டு வழக்கத்தில் பிடித்த மனிதரைத்தான் திட்டுவோம். பிடிக்காதவர்களுக்குத்தான் மரியாதை. அவரும் அப்படித்தான், தன்னைத் தானே குறைத்துச் சொல்லாமல் ஒரு வாக்கியம் முடிக்கமாட்டார். பிரதி இரண்டையும் அப்படியே நம்பிவிட்டது.

குசினியில் அவர் தன் துண்டுப்பிரசுரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "என்னவாம் உம்மட கணக்கு?" என்றார்.

"சொல்லேலாது. தெரியும்தானே."

"ஒரு பத்துப் பேராவது போட்டிருப்பினமோ?"

நான் கேத்தலில் தண்ணீர் பிடிக்கத் திரும்பிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை ஊருக்கு முன்னால் அந்தப் பூச்சியத்தை வாசிப்பார்கள். தன் மனைவியின் மனதில் தனக்கு இடமில்லை என்று இந்த மனிதர் அப்படித்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். என்னால் அதைத் தடுக்க முடியாது. பிறகு போய் "இல்லையப்பா, நான் உங்களுக்குத்தான் போட்டேன்" என்றாலும் நம்புவதற்கு ஆதாரம் ஏது? காகித வாக்கு இரகசியம்.

வியாழக்கிழமை மழை. தேவாலய மண்டபத்தில் வாக்களிப்பு. உள்ளே பிரசாரம் செய்யக்கூடாது என்பதால் வேட்பாளர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். என் கணவர் குடையை வீட்டில் மறந்துவிட்டு நனைந்துகொண்டிருந்தார். வேறு யார் மறப்பார்? பெத்தனி கிரெய்ல், எங்கள் மகள் வயதுப் பெண், தன் குடையை அவர் தலைக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டு, தான் பாதி நனைந்தாள்.

நான் உள்ளே போய் மறைப்புக்குள் நின்றேன். கட்டிவைத்த பென்சில். என் தொழில்படி, என் பிரதி எனக்காக ஏற்கனவே முடிவெடுத்துவிட்டது. அந்தப் பென்சிலை அழுத்திப் பிடித்து என் கணவரின் பெயருக்கு நேரே புள்ளடி போட்டேன். காகிதம் கிழிந்துவிடுமோ என்றிருந்தது. வெளியே வரும்போது வரிசையில் வழக்கத்தைவிட அதிகமாக வயதானவர்கள் நிற்பதைக் கண்டேன். ஒருவரும் வாசலில் நின்ற என் கணவரின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. பார்க்காமலே மெல்லச் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை விளையாட்டு மண்டபத்தில் எண்ணினார்கள். முடிவுகளை அறிவிக்கும் தெரிவத்தாட்சி அலுவலர் மேடையேறி, வழக்கப்படி பிரதிக் கணக்கை முதலில் வாசித்தார். "குகனேசன், சுயேச்சை. பூச்சியம்."

மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புத்தான். அவரும் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்குக் கூட்டல் கழித்தல் தெரியும்.

அடுத்தது மனிதர்களின் கணக்கு. "ஓக்டன், நூற்று நாற்பது. கிரெய்ல், அறுநூற்றுப் பதினொன்று. குகனேசன்…" அலுவலர் கண்ணாடியைச் சரிசெய்தார். "அறுநூற்றுப் பத்து."

மறுபடி எண்ணச் சொன்னார்கள். எண்ணினார்கள். அதே அறுநூற்றுப் பத்து. ஒரு வாக்கில் தோற்றுவிட்டார். உரைகல் சட்டம் வந்த நாளிலிருந்து இப்படியொரு வேறுபாட்டை நான் எழுதியதில்லை, யாரும் எழுதியதில்லை.

காரணம் அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டைவிட்டு வெளியே போனால் அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவது என்ற பயத்தை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? வைத்தியரிடமே சொல்வதில்லை. "இன்றைக்கு மழை, சந்தைக்குப் போகவில்லை" என்பார்கள். பிரதி மழையைக் குறித்துக்கொள்ளும். நாம் சொல்வதெல்லாம் அதற்குத் தெரியும். வெட்கப்பட்டு விழுங்கியது எதுவும் தெரியாது. அறுநூறு பேர் தங்கள் பிரதிக்கும் சொல்லாததைப் பென்சிலிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

பெத்தனி கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "முதல் கூட்டத்திலேயே அந்தக் கழிப்பறையைத் திறக்கச் சொல்லப்போகிறேன். நீங்களும் வந்து பக்கத்தில் இருக்க வேண்டும்."

"வாறன் பிள்ளை," என்று தமிழிலேயே சொன்னார். அவள் புரிந்ததுபோலத் தலையாட்டினாள்.

காரில் வீடு வந்தோம். வந்ததும் தானே தேநீர் ஊற்றினார். எனக்கும் ஒரு கோப்பை, தனியாக.

"அறுநூறு பேர்," என்றேன். "சந்தோசமா இல்லையோ?"

"சந்தோசம்தான்." கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உம்மட பிரதி போடேல்லை, என்ன?"

"உங்கட பிரதியும்தான் போடேல்லை!"

"என்ரதை விடும். நான் என்னை அறிஞ்சவன். நீர் இருவத்திநாலு மணித்தியாலமும் என்னோட இருக்கிறனீர். அது உம்மைக் கேட்டுத்தானே பழகினது?"

நான் கோப்பையைக் கையில் எடுக்கும்போதே என் தொலைபேசி சிணுங்கியது. உரைகல் தேர்தல் முடிந்ததும் வட்டாரத்தில் எல்லோருக்கும் வருகிற திருத்தக் கேள்வி. விரும்பினால் பதில் சொல்லலாம், வாயால்தான் சொல்ல வேண்டும். "உங்கள் பிரதி பெத்தனி கிரெய்லுக்கு வாக்களித்தது. நீங்களும் அப்படித்தானா? இல்லையென்றால் ஏன் என்று சொல்லுங்கள்."

நான் ஒருபோதும் பதில் சொன்னதில்லை. ஆய்வாளர் தன் வாக்கைக் காட்டக்கூடாது என்பது என் கொள்கை. கொள்கையைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தேன்.

"இல்லை," என்றேன் தொலைபேசிக்கு. "நான் குகனேசனுக்குத்தான் போட்டனான். ஏனெண்டால், அந்த மனுஷன் தனக்கெண்டு ஒண்டும் கேக்கத் தெரியாதவர். மற்றவைக்குத்தான் கேப்பார். எனக்கு அவரிலதான் நம்பிக்கை. எனக்கு அவரைப் பிடிக்கும். நல்லாப் பிடிக்கும்."

சொல்லி முடிக்கும்போது என் காது சுட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அதில் ஒரு தூசியும் இல்லை.

அப்போது அவருடைய தொலைபேசியும் அதே கேள்வியோடு, அதே பெத்தனி கிரெய்லின் பெயரோடு சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. மெதுவாக எழும்பித் தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

"எங்க போறியள்? இங்கயே சொல்லுங்கோவன்."

"அது… ஒண்டுமில்லை."

"சொல்லுங்கோ."

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, கேட்டும் கேட்காததுமாகச் சொன்னார். "ஓம். அப்பிடித்தான். சரி."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. சரியா? அவருடைய பிரதி போட்டது பெத்தனிக்கு. அப்படியென்றால் அவர் போட்டதும்…

"அப்பா! நீங்கள் அந்தப் பெட்டைக்கோ போட்டனீங்கள்?"

"பென்சிலைக் கையில எடுத்தனான் தர்மினி. சத்தியமா எடுத்தனான். என்ர பேருக்கு நேர நானே கீறுறது, பந்தியில முதல் ஆளாப் போய்க் குந்தின மாதிரி ஒரு வெக்கமாப் போச்சு. அந்தப் பிள்ளை வேற மழைக்குள்ள நிண்டு எனக்குக் குடை பிடிச்சது…"

ஒரு வாக்கு. அந்த ஒரு வாக்கை இடம் மாற்றிப் போட்டிருந்தால் இன்றைக்கு இந்த வீட்டில் ஒரு கவுன்சிலர் இருந்திருப்பார். ஊரில் அறுநூற்றுப் பத்துப் பேரைப் பற்றித் தலைகீழாகப் பிழைவிட்ட கணக்கு, இந்த ஒரு மனிதரைப் பற்றி மட்டும் துல்லியமாகச் சொல்லியிருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பகுப்பாய்வில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? எழுதவும் முடியாது.

நன்றாகத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது, பிறகு சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவர் பயந்துபோய் ஓடிவந்து பக்கத்தில் இருந்தார்.

"கோவமோ?"

"கோவம்தான்."

"அப்ப, தோத்தது கவலையோ?"

"உங்களுக்கு இல்லையோ?"

அவர் யோசித்தார். நகரசபை இருக்கையை ஒரு வாக்கில், அதுவும் தன் கையாலேயே, தொலைத்துவிட்டு வந்த மனிதர் முகத்தில் கவலையைத் தேடிப் பார்த்தேன். காணவில்லை. மாறாக, வெட்கம் கலந்த ஒரு ஆசை இருந்தது.

"தர்மினி, முதல் நீர் போனுக்குச் சொன்னீரே," என்றார். "அதை ஒருக்கா எனக்குச் சொல்லுமன்."

சொன்னேன்.