தபீதாள் வைத்த அலாரம்

மேற்குத் தாம்பரத்தில் அந்த ஆஸ்பத்திரியில் நான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். சர்வர் அறை பின்பக்கத்துப் பழைய வீட்டில். மறுநாள் மதியம் பூஜை முடிந்து எல்லா சர்வரிலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். சாம்பிராணி வாடை தொண்டையை அடைத்தது.

"இன்னைக்கு மெஷினைத் தொடாதீங்க தயாளன். அந்தப் பழைய அலாரத்தை என்னைக்குமே ஆன் பண்ணாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர் ஷ்யாம்சுந்தர்.

ஏனென்று நர்ஸ் ஷீலாதான் கிசுகிசுத்தாள். "உங்க சீட்ல தபீதாள் அக்கா இருந்தாங்க சார். போன வருஷம் பூஜை அன்னைக்குப் பிரசவத்துக்கு இங்கயே அட்மிட் ஆனாங்க. அப்போ அவங்க சிஸ்டத்துல வச்ச அலாரம் அடிச்சுது. பூஜை போட்ட மெஷினைத் தொடக்கூடாதுன்னு ஷ்யாம் சார் அலாரத்தையே ஆஃப் பண்ணிட்டாரு. சிஸ்டம் நின்னுபோச்சு. பதிவாகாம எதையும் குடுக்கக்கூடாதுன்னு அவரு ரூல். பிளட் பேங்க்லேர்ந்து ரத்தம் வரவேயில்ல. அக்கா போய்ட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிப் பதிவெல்லாம் சேரும் டேட்டாபேஸ் கோப்பு நிறைந்தால் தானாகவே பெருத்துக்கொள்ளும். டிஸ்கில் இடம் தீர்ந்தால் ஓர் எழுத்துகூடப் பதியாது. அதைக் கண்காணிக்கத்தானே அலாரம்? தடுக்க இவர் யார்! ஆன் செய்தேன்.

உடனே அடித்தது.

கோப்பு பெருத்துக்கொண்டிருந்தது. யார் எழுதுகிறார்கள் என்று பார்த்தேன்.

தபீதாள்.

அவள் லாகினை அழித்து ஒரு வருஷமாகிறது. பழைய பேக்கப்புகளை அழித்து இடம் பண்ணினேன். விழுங்கியது. இன்னும் அழித்தேன். அதையும் விழுங்கியது. சாம்பிராணியை மீறி டெட்டாலும் பச்சை ரத்தமும் வீசின.

போனில் ஷீலா அலறினாள். "ஷ்யாம் சாருக்கு ஹார்ட் அட்டாக்! மருந்து சிஸ்டத்துல பதிவாகல, பார்மசில குடுக்க மாட்டேங்கறாங்க! ஏதாச்சும் பண்ணுங்க சார்!"

"ரூலைத் தூக்கிக் குப்பைல போடச் சொல்லும்மா!"

"அவரு கையெழுத்து இல்லாம மீற மாட்டாங்களாம்!"

திரையைப் பார்த்துக் கும்பிட்டேன். "அக்கா... வேணாம்க்கா. விட்டுடுங்க."

அலாரம் நின்றது.

கோப்பும் நின்றது. அப்பாடா! நல்ல மனசுக்காரி என்று எனக்குக் கண்கூடக் கலங்கியது.

மறுபடி போனில் ஷீலா.

"ஷ்யாம் சார் போய்ட்டாரு."

பெருத்த கோப்பு தானாகச் சுருங்காது. நாமாகச் சுருக்கினால்தான் உண்டு. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என் கண் முன்னால் அது சுருங்கிக்கொண்டே வந்தது. விழுங்கிய இடத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்தது.

தபீதாள் என்ற பெயர் மட்டும் திரையை விட்டுப் போகவில்லை.