லீஸலொட்டெ சுரங்கத்தில் வருந்தும் முறை

கார்த்திகை பிறந்ததும் ரூர் நதிக்கரை ஊரில் எல்லோரும் யாருக்காவது ஒரு கெடுதல் செய்யத் தொடங்கிவிடுவார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பது, அப்படி ஏதாவது. நேசரூபன் அன்று பக்கத்து வீட்டுச் சைக்கிளின் காற்றைத் திறந்துவிட்டு வந்தான். மனைவி தர்மினி கைக்குழந்தைக்கு இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது உறுத்துதே?"

"ஒண்டுமில்லை. அந்தாளும் போன வருசம் எங்கடை காத்தைத் திறந்தவர்தானே."

"அப்ப என்ன பிரயோசனம்? போன விண்டருக்கு ஒரு அறைக்குத்தான் சூடு தந்தவங்கள். இந்தமுறை பிள்ளையும் இருக்கு. உருப்படியா ஏதாவது செய்யுங்கோவன்."

லீஸலொட்டெ சுரங்கத்தின் வரலாறு நீளமானது. முதலில் நிலக்கரி எடுத்தார்கள். அது விலைபோகாமல் ஆனதும் அருங்காட்சியகமாக்கினார்கள். பிறகு கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். பூமி சூடேறி, கடலின் வெந்நீரோட்டம் நின்று, ஐரோப்பா உறைந்தபோது, யாராவது வருந்தியாக வேண்டும் என்று அரசுக்குத் தோன்றியது. இடம் தயாராக இருந்தது. அதற்கு உறுத்தலகம் என்று பெயர் மாற்றினார்கள். ஆண்டுக்கொருமுறை குடும்பத்துக்கு ஒருவர் கீழே இறங்கி, கரிச்சுவரின் முன் நின்று, முன்னோர் எரித்த கரிக்காக வருந்த வேண்டும். தலையில் மாட்டும் உறுத்தல்மானி எவ்வளவு காட்டுகிறதோ, அந்தக் குளிர்காலத்துக்கு அவ்வளவு வெப்பப் பங்கு. தன் முன்னோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தபோதே இங்குள்ள சுரங்கங்கள் மூடப்படத் தொடங்கிவிட்டன என்று நேசரூபன் ஒருமுறை விளக்கினான். அலுவலகம் பரிவோடு கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டது.

மானியில் ஒரு குறை இருந்தது. வருத்தம் எவ்வளவு என்று அதற்குத் தெரியும். எதற்கு என்று தெரியாது.

இறங்கும் நாட்களைச் சுரங்க வாசலில் மட்டுமே ஒட்டுவார்கள்; நாளைத் தவறவிட்டவருக்கு அந்த ஆண்டு சூடு இல்லை. கைபேசிக்கு அனுப்பினால் மனந்திரும்பலில் ஆழம் குறைகிறது என்பது இயக்குநர் டாக்டர் பிரிங்க்மானின் ஆய்வு முடிவு. நேசரூபன் போய்ப் பார்த்தான். தனக்கு வியாழன், மேல்மாடிச் சிநேகிதன் குகதாசனுக்குப் புதன். பேக்கரியில் இரட்டை ஷிஃப்ட் செய்யும் குகதாசன், தன்னுடையதையும் பார்த்துவரச் சொல்லியிருந்தான்.

"என்ரை எண்டைக்கடா மச்சான்?"

நேசரூபன் வாயைத் திறந்தான். "வெள்ளி" என்று வந்தது.

"நல்லதாப் போச்சு. அண்டைக்கெண்டா லீவு எடுக்கலாம். நீ இல்லாட்டி நான் என்ன செய்வன், சொல்லு."

வியாழக்கிழமை, நிலத்தடியில், டாக்டர் பிரிங்க்மான் கரிச்சுவரைத் தடவியபடி உரையாற்றினார். "நாம் அனைவரும் குற்றவாளிகள்!" அவர் தலையில் மானி இல்லை. அதிகாரிகளின் வருத்தம் பதவியிலேயே அடங்கியிருப்பதாகச் சட்டம். வரிசையில் நின்றவர்கள் கண்ணை இறுக்கி மூடி, மலச்சிக்கல்காரர்களைப் போல முக்கிக்கொண்டிருந்தார்கள். நேசரூபன் முக்கவில்லை. அவனுக்கு அங்கேயும் மேல்மாடியில் குகதாசனின் சின்ன மகள் இருமுவது கேட்டுக்கொண்டிருந்தது. மானியின் முள் ஓரம்வரை போய் முட்டி நின்றது.

டாக்டர் அவனைக் கட்டிக்கொண்டார். "உங்கள் முன்னோர் எவ்வளவு எரித்திருக்க வேண்டும்!" முழு வீட்டுக்கும் சூடு கிடைத்தது.

முதல் பனி விழுந்த அன்று குகதாசன் மனைவி பிள்ளைகளோடு, தலையணைகளும் கையுமாக இறங்கி வந்தான். அவன் வீட்டில் சூடு இல்லை.

"உவங்கள் பிறகு திகதியை மாத்தி ஒட்டியிருக்கிறாங்கள் போல. நீ சரியாத்தானே பாத்திருப்பாய்."

தர்மினி கணவனைப் பார்த்தாள். பிறகு தொட்டிலை நகர்த்தி, வெப்பத்தகட்டின் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பாய் விரித்தாள். குகதாசன் ஸ்வெட்டரைக் கழற்றினான். அவனுக்கு வியர்த்திருந்தது.

"இவ்வளவு சூடு எப்பிடியடா எடுத்தனீ? கீழை நிண்டு என்னத்தை நினைச்சனீ? எனக்கும் ஒருக்காச் சொல்லித் தாவன்."

"கரியைத்தான்" என்றான் நேசரூபன்.

குகதாசன் அதையும் நம்பினான்.